மெட்டடாரில் ஏறிய நாலாவது ஆள்

லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிறுவயதில் எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ். ஆங்கிலம் நான் அரசாங்க வேலைக்கு வந்த பிறகு பைல்களைப் புரட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்ட பாஷை. அந்த இரண்டு வார்த்தைக்கும் 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் காரணம் இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஊரார் சரக்கைக் கூலிக்கு ஏற்றுகிறவருக்கு ஒரு பர்மிட். தன் கடைச் சரக்கை மட்டும் ஏற்றிக்கொள்கிற வியாபாரிக்கு வேறு பர்மிட். 1988ஆம் வருஷச் சட்டம் வந்து அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. லாரி நெற்றியிலிருந்தும் அந்த எழுத்து மெல்ல மறைந்தது.

அந்தப் பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் நான் படிக்க நேர்ந்தது ஆசையினால் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு மனையை விற்க வைத்த விஷயம் அது. சரக்கு வண்டி இன்சூரன்ஸ் என்பது வறண்ட சமாசாரம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மனைவியின் தம்பி வில்லியனூர்ப் பக்கம் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்டா, குண்டா, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் கொண்டுபோய் இறக்க ஒரு பழைய மெட்டடார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதே வண்டியில் வீடு மாற்றுகிறவர்களின் சாமான், சீர்வரிசைச் சாமான் என்று வாடகைக்கு ஓட்டுவார். 2000ஆம் வருஷம் தை மாதம் பாலிசியைப் புதுப்பித்தபோது காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து, "மாமா, நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார். வீட்டில் அரசாங்க உத்தியோகஸ்தன் நான் ஒருவன்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். தேதி சரி, முத்திரை சரி, வண்டியின் மதிப்பு சரி. "எல்லாம் சரியா இருக்கு, ஃபுல் இன்சூரன்ஸ்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பொருளில் நாலு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆபீஸ் ஜீப்பின் பைலைப் பார்த்தவன் நான். அதில் ஒரு இன்சூரன்ஸ் காகிதமும் நான் கண்டதில்லை. அரசாங்க வண்டிகளுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் பாலிசி படிக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

வைகாசியில் ஒரு நாள் விடியற்காலை மெட்டடார் விழுப்புரம் சாலையில் புறப்பட்டது. டிரைவர், சம்பளத்துக்கு இருந்த லோடுமேன், பின்னால் பீரோவும் கட்டிலும் பாத்திரமும். சீர் அனுப்பிய வீட்டின் தரப்பில் பெண்ணின் தாய்மாமன் கூடவே வந்தார். கிளம்பும் நேரத்தில் எதிர் வீட்டு அம்மாள் ஓடிவந்து, "அண்ணே, பஸ் வரல, பையனை விழுப்புரத்துல இறக்கிவிடச் சொல்லுங்க" என்று கேட்டார். காலேஜில் படிக்கிற பையன். "ஏறிக்கடா" என்றார் என் மைத்துனர். காசு வாங்கவில்லை. வாங்குகிற மனிதரும் இல்லை. பாதி வழியில் வண்டி கவிழ்ந்தது. லோடுமேனுக்குக் கை ஒடிந்தது, தாய்மாமனுக்கு இடுப்பெலும்பு. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

வண்டி இன்சூரன்ஸில் 'தர்ட் பார்ட்டி' என்று சொல்கிறோமே, பிரெஞ்சில் அதற்கு 'தியேர்' என்று பெயர். மூன்றாமவர். முதல் ஆள் பாலிசி எடுத்த வண்டிக்காரர், இரண்டாவது ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி, இவர்களின் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிற உலகம் பூராவும் மூன்றாம் ஆள். சாலையில் நடந்துபோகிறவர் மூன்றாம் ஆள் என்பதில் சந்தேகமில்லை. அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர் யார்? இந்தக் கேள்விக்குத்தான் அறுபது வருஷத்துக்கு மேல் பதில் மாறி மாறி வந்தது.

இங்கிலாந்தில் 1930ஆம் வருஷச் சட்டம் இந்த இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அதை ஒட்டித்தான் 1939 சட்டத்தில் ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரவில்லை. 1946 ஜூலை 1ஆம் தேதிதான் வந்தது. சரக்கு வண்டிக்குக் கம்பெனியின் பொறுப்பு மொத்தம் 20,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1969ஆம் வருஷத் திருத்தத்தில் அது 50,000 ஆகி, 1982ஆம் வருஷத் திருத்தத்தில் ஒன்றரை லட்சம் ஆயிற்று. அதற்கு மேல் கோர்ட் தீர்ப்பானால், கூடுதல் பணம் கட்டி வரம்பை உயர்த்தியிராத வண்டிக்காரர் தன் கையிலிருந்து கொடுக்கவேண்டியதுதான். இடையில் 1956ஆம் வருஷத் திருத்தம் விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு கட்டி அலைய முடியாத ஏழைகளுக்கு அது பெரிய உபகாரம். 1973 ஜனவரியில் நூற்றேழு கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்து நான்கு கம்பெனிகளாக்கியதும் உங்களுக்குத் தெரிந்ததே. சென்னையில் தலைமை அலுவலகம் கொண்ட யுனைடெட் இந்தியா அந்த நான்கில் ஒன்று.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. இங்கே கோது சிவில் அல்லவா நடந்தது? அதில் 1384ஆம் பிரிவு, ஒருவர் தம் காவலில் வைத்திருக்கும் பொருளால் பிறருக்கு வரும் தீங்குக்கும் அவரே பொறுப்பு என்றது. துரிபுனாலில் வேலை பார்த்த என் சித்தப்பா இந்தப் பிரிவைப் பேச்சுவாக்கில் அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து மட்டை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்தால்கூட "1384" என்பார். இந்தப் பிரிவு மோட்டார் வண்டிக்குப் பொருந்துமா என்பது ஒரு கடை லாரியால்தான் தீர்மானமாயிற்று. பெல்போர் என்ற ஊரில் 1925 ஏப்ரல் 22ஆம் தேதி ஒரு பெரிய கடையின் லாரி ஒரு சிறுமியின் மேல் மோதியது. 'ழாந்தேர் வழக்கு' என்று பெயர். 1930 பிப்ரவரி 13ஆம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றமான கூர் து கசாசியோன் எல்லா அமர்வுகளும் கூடித் தீர்ப்புச் சொன்னது. டிரைவர் மேல் தப்பு என்று அடிபட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. லாரியின் காவலர்தான் தப்பிக்கக் காரணம் காட்டவேண்டும் என்றது. நம் தேசத்தில், தப்பை நிரூபிக்காமலே ஒரு தொகையாவது பெறலாம் என்ற ஏற்பாடு 1982இல்தான் வந்தது. மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500.

சித்தப்பா 1384ஐப் பெருமையாகச் சொல்வாரே தவிர, அதில் ஒரு ஓட்டை இருந்ததைச் சொன்னதில்லை. காசு வாங்காமல், சிநேகிதத்துக்காக வண்டியில் ஏற்றிக்கொண்ட ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றே பிரெஞ்சு நீதிமன்றங்களும் வெகுகாலம் சொல்லிவந்தன. 'திரான்ஸ்போர்த்தே பெனெவோல்' என்று அந்த ஆளுக்கு ஒரு பட்டமே இருந்தது. 1968 டிசம்பர் 20ஆம் தேதித் தீர்ப்பில்தான் அவரும் 1384ஐப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற சட்டம் பிரான்சில் வந்ததே 1958இல். அதற்கு நான்கு வருஷம் முன்பே நம் ஊர் கைமாறிவிட்டது. ஆகவே எங்கள் எதிர் வீட்டுப் பையனின் வழக்குக்கு சித்தப்பாவின் கோது உதவப்போவதில்லை. இந்தியச் சட்டத்தில்தான் அவன் யார் என்று தேடவேண்டும்.

மெட்டடாரில் இருந்த நான்கு பேரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வண்டி, ஒரே பள்ளம், ஒரே பாலிசி. ஆனால் சட்டத்தின் கண்ணில் நாலு பேரும் ஒன்றாயில்லை.

டிரைவரும் லோடுமேனும் சம்பள ஆட்கள். சரக்கு வண்டியில் போகும் வேலையாட்களுக்கு 1923ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி வரும் பொறுப்பைப் பாலிசி ஏற்கவேண்டும் என்று மோட்டார் சட்டத்திலேயே இருக்கிறது. லோடுமேனின் கைக்குக் கம்பெனி மறுபேச்சில்லாமல் கொடுத்தது. மாதச் சம்பளத்துக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தது என் மைத்துனரின் நல்ல காலம். இல்லாவிட்டால் அவன் வேலையாள் என்றே நிரூபிக்க அலைந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, தாய்மாமன். சரக்குக்கு உரியவர் அல்லது அவர் அனுப்பிய ஆள் சரக்கோடு போனால் அவருக்கும் காப்பு உண்டு என்று 1994 நவம்பரில் அமலான திருத்தம் சேர்த்தது. விபத்து அதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்திருந்தால் அவர் பாடும் இழுபறிதான். பீரோ கடையின் ரசீது பெண் வீட்டார் பேரில் இருந்ததால் இதுவும் தீர்ந்தது.

வண்டிச் சேதத்துக்கும் கொடுத்தார்கள். ஏற்றக்கூடாத ஆள் ஒருவர் ஏறியிருந்தார் என்பதற்காக, அதனால் விபத்து நேராதபோது வண்டிச் சேதத்தை மறுக்கக்கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை எங்கள் வக்கீல் காட்டினார்.

நாலாவது ஆள் அந்தப் பையன்.

பழைய 1939 சட்டத்தில், கூலி கொடுத்துப் போகிற ஆளையும் வேலையாளையும் தவிர, வண்டிக்குள் இருக்கிற மற்றவருக்குக் கட்டாயக் காப்பு இல்லை என்று ஒரு விதிவிலக்கு தெளிவாகவே இருந்தது. 1988 சட்டத்தை எழுதியவர்கள் அந்த வாசகத்தை விட்டுவிட்டார்கள். விட்டதால் என்ன அர்த்தம்? 1999 டிசம்பர் 2ஆம் தேதி சத்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிவிலக்கு போனதால் சரக்கு வண்டியில் சும்மா ஏறியவருக்கும் காப்பு உண்டு என்றது. எங்கள் விபத்து நடந்தது அதற்கு அடுத்த வருஷம். தீர்ப்பாயமும் 2001இல் அதையே பின்பற்றி, பையனின் பெற்றோருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயும் ஒன்பது சதவீத வட்டியும் கம்பெனியே கொடுக்கவேண்டும் என்று எழுதியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. ஆனால் என் மைத்துனர் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக எதிர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்.

கம்பெனி அப்பீல் போட்டது. அப்பீல் கிடப்பில் இருக்கும்போது, 2002 டிசம்பர் 3ஆம் தேதி, அதாவது சரியாக மூன்று வருஷமும் ஒரு நாளும் கழித்து, ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முந்தைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று ஒரே ஒரு வார்த்தை. பழைய சட்டத்தில் சரக்கு வண்டி என்றால் சரக்கை மட்டுமோ, ஆட்களோடு சேர்த்தோ ஏற்றுவதற்குப் பயன்படும் வண்டியும் அடங்கும். புதிய சட்டத்தில் 'சரக்கு ஏற்றுவதற்கு மட்டுமே' கட்டிய வண்டி. இந்த 'மட்டுமே' என்பதில் பயணி என்று ஒருவருக்கு இடமே இல்லை. சரக்குக்காரரையே 1994இல் தனியாகச் சேர்க்கவேண்டி வந்தது என்றால், சும்மா ஏறியவர் முதலிலிருந்தே சேர்த்தியில்லை. முப்பது வருஷம் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் பார்த்து நோட் எழுதியவன் நான். வாதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் பையனின் பெற்றோர் என் மைத்துனரிடம்தான் வசூலுக்கு நிற்கவேண்டும். எதிர் வீட்டுக்காரர்கள் எதிர் வீட்டின் மேல் ஜப்தி போடுவார்களா? 2004 ஜனவரியில் பல்ஜித் கவுர் வழக்கில் இன்னொரு மூன்று நீதிபதி அமர்வு, 1994ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகும் சும்மா ஏறியவருக்குக் காப்பு இல்லை என்பதை உறுதி செய்தது. ஆனால் இத்தனை காலம் சட்டம் தெளிவில்லாமல் இருந்ததால், கம்பெனி முதலில் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, தனி வழக்குப் போடாமலே வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்றது. எங்கள் அப்பீலும் அதே வழியில் முடிந்தது. பெற்றோருக்குப் பணம் வந்தது. அடுத்த வருஷம் கம்பெனியின் வசூல் மனு என் மைத்துனருக்கு வந்தது. வட்டியோடு சுமார் இரண்டரை லட்சம். மெட்டடார் போயிற்று. மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த மனையும் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்குள் வரும் வேலையாட்கள் தவிர வேறு ஆட்களை ஏற்றிச் செல்வதற்கு இந்தப் பாலிசி செல்லாது என்று இருந்தது. என் மைத்துனர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா பார்த்தாரே" என்று என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நானே ஒரு நாள் சொன்னேன். "படிச்சிருந்தா மட்டும் அன்னிக்கு அந்தப் பையனை இறங்குன்னு சொல்லியிருப்பேனா மாமா? அவங்க அம்மா நின்னு கேட்டாங்களே" என்றார்.

இப்போது அவருடைய மகன் ஒரு குட்டி யானை வாங்கியிருக்கிறான். டாட்டா ஏஸ் 2005இல் வந்த பிறகு சின்ன வியாபாரிகள் எல்லாருக்கும் அதுதான் மெட்டடார். போன மாதம் பாலிசியை என்னிடம் கொடுத்தான். இந்தத் தடவை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பொடி எழுத்திலிருந்து ஆரம்பித்துப் படித்தேன். உயிருக்கும் உடம்புக்கும் வரும் பொறுப்புக்கு இப்போது பாலிசியில் உச்சவரம்பு இல்லை. 1988 சட்டத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள். பிறர் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் சொற்பம் மிச்சமாகும் என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஒரு காரின் பம்பரே அந்த 6,000த்தை விழுங்கிவிடும். உரிமையாளரே ஓட்டினால் அவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு. அது அவன் பேரில் லைசென்சு இருந்தால்தான் செல்லும். சாதாரண கார் லைசென்சு வைத்துக்கொண்டு இதை ஓட்டலாமா என்று கேட்டான். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத் தனி லைசென்சு வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மூவாயிரம் கிலோவுக்குள் என்பதால் பர்மிட்டும் வேண்டாம். எஃப்.சி. மட்டும் தேதி தப்பாமல் காட்டவேண்டும்.

ஏற்றி இறக்க வரும் ஆட்கள் இரண்டு பேரையும் சம்பள நோட்டில் எழுதச் சொன்னேன். தினக்கூலி ஆட்களாக இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சும்மா ஏறுகிறவரைப் பற்றிய வரி பழையபடியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அமலான திருத்தங்களிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுத் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்தேன்.

எதிர் வீட்டு அம்மாள் இன்னும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் வில்லியனூர்க் கோவிலுக்குப் போகும்போது என் மைத்துனர் அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுக்கிறார்.